வேப்பிலை கட்டின கதவுக்கு வெளியே

சிரிக்க வைக்கேன் அண்ணாச்சி, அதுல சந்தேகமே வேண்டாம். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பெஞ்சில இருந்து கீழ விழுற மாதிரி சிரிக்க வைக்கேன். சாத்தூர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, சங்கிலின்னு என் பேரைச் சொன்னாலே சிரிப்பாங்க. ஆனா இப்ப இல்ல. இப்ப எனக்கு வார கோவத்துக்குக் காமிக், அதான் சிரிப்புப் படத்துக் கதை, சொன்னா வாயில வசவுதான் வரும். முதல்ல கோவத்தைச் சொல்லி முடிச்சிருதேன். நீங்க அந்த வெள்ளரிப் பிஞ்சைக் கடிச்சுக்கிட்டே கேளுங்க. ரயில் வார வரைக்கும் உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் வேலை இல்ல. இன்னிக்குக் காலையில வரைக்கும் இருந்துச்சு. அதான் கோவமே.

யார் மேல கோவங்கீங்க? எங்க அத்தான் மேல. எங்க ஆவுடக்காளைக் கட்டின மகராசன். திருமலைக்கொழுந்துன்னு பேரு. அந்தா, தண்டவாளத்துக்கு அங்கிட்டு ஒரு கூடாரம் காத்துல பொடைச்சுக்கிட்டு நிக்கில்ல, அது மீரான் ராவுத்தர் பயாஸ்கோப்புக் கொட்டகை. அதுல திரைக்குப் பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ற உத்தியோகம் அத்தானுக்கு. படம்தான் பேசாதே. வெள்ளைக்காரன் வாயை வாயை அசைப்பான், நடுநடுவுல இங்கிலீசில எழுத்து வரும். அதை ஒருத்தன் சத்தமாத் தமிழ்ல சொன்னாத்தான் சனங்களுக்கு வெளங்கும். அத்தான் எப்படிச் சொல்லுவாரு தெரியுமா? இந்தா, இப்படி நெஞ்சை நிமித்திக்கிட்டு, "பெருமக்களே! அதோ தோன்றுகின்றார் துரை! கரத்திலே சுத்தியல்! கண்ணிலே காதல்! என்ன நேருமோ, ஏது நேருமோ!"

ஆங், சிரிச்சிட்டீங்க. இது காமிக் இல்ல அண்ணாச்சி, இது அத்தான். காமிக்குக்கு நான் இன்னும் வரவே இல்ல.

ஒரு குரலை ஒரு தடவை கேட்டாப் போதும், ஆளையே என் தொண்டைக்குள்ள உக்கார வச்சிருவேன். எங்க ஊரு கடம்பூர்ல பள்ளிக்கூடத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு வாத்தியார் குரல்ல, "எல்லாம் வீட்டுக்குப் போங்கலே"ன்னு ஒரு சத்தம் கொடுத்தேன். பள்ளிக்கூடமே காலி. வாத்தியார் சுண்ணாம்புக் கட்டியும் கையுமா நின்னுக்கிட்டிருக்காரு, நான் சொன்னேனா, நான் சொல்லலையான்னு அவருக்கே தெரியல. எங்க அப்பா குரல்ல அடுத்த வீட்டுக்காரனை அதட்டியிருக்கேன். அவன் வந்து அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டான். என்னைய ஏமாத்த ஒருத்தன் பொறக்கணும் அண்ணாச்சி. நான் எத்தனை பேரை ஏமாத்தியிருக்கேன்!

சரி, கோவத்துக்கு வாரேன்.

நான் சாத்தூருக்கு எதுக்கு வந்தேன்? ஆடி அழைப்புக்கு. வைகாசியில அக்காளுக்குக் கல்யாணம் ஆச்சு. ஆடி பொறக்கிறதுக்குள்ள புதுப்பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டியாந்திரணும்லா? ஆடி மாசம் பூரா அவ புருசன் வீட்டுல இருக்கக் கூடாதாமே. ஏம்மா கூடாதுன்னு கேட்டேன். எங்க அம்மா தலையில நங்குன்னு ஒரு குட்டு வச்சா. "கேக்குற வயசால உனக்கு?" பதினாறு முடியப்போகுது, எனக்குத் தெரியாத சங்கதியா? ஆடிக்காத்துல சாத்தூர்ப் புழுதி கண்ணுக்கு ஆகாது, அதுக்குத்தான் அழைக்காங்கன்னு நானே யோசிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்.

எங்க மதினிக்கு நிறைமாசம். அண்ணன் நகர முடியாது, அம்மா நகர முடியாது. அப்பாவுக்குப் பஞ்சுக் கிட்டங்கியில மூட்டை எண்ணுற வேலை. அதனால என்னைய முன்னால நிறுத்தி வச்சு, "எலே சங்கிலி! ஆடி ஒண்ணு அன்னிக்கு உங்க அக்கா இந்த வாசல்ல நிக்கணும். நிக்கல, உன் தோலை உரிச்சு உப்புக்கண்டம் போட்டிருவேன்." இதுதான் எங்க அப்பா. நேர்ல பாத்தாலும் இவ்வளவுதான்.

வந்து சொன்னேன். அக்கா முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. அம்மாவைப் பாக்கப் போற சந்தோசம், பாவம். அத்தான் சோத்துல வச்ச கையை எடுக்காம அப்படியே உக்காந்துட்டாரு. சாயங்காலம் கொட்டகைக்குப் போனா மனுசனுக்குத் தொண்டையில இருந்து சத்தமே வரல. ராவுத்தர் வந்து கத்துதாரு. "ஏம்ப்பா கொழுந்து, இது காமிக்கா, மவுத்து விழுந்த வீடா? சனம் எந்திரிச்சுப் போவுதுப்பா!"

அப்பத்தான் நான் எந்திரிச்சேன். "நான் சொல்லட்டா?"

இப்ப அந்தக் காமிக்கைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். ஆனா சிரிப்பு இது இல்ல, சொல்லிட்டேன். படம் என்னன்னா, புதுசாக் கல்யாணம் ஆன வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும். புது வீடு. ரெண்டு பேருக்கும் ஒரு வேலையும் தெரியாது. அவ மாவு பிசையுதா, மாவு கையை விடமாட்டேங்கு. அவன் உதவிக்கு வாரான், மாவு அவன் மூஞ்சியில அப்பிக்கிடுது. கல்யாணப் படத்தை மாட்டணும்னு ஆணி அடிக்கான். சுவத்துக்குள்ள ஓடுற தண்ணிக் குழாயில ஆணி இறங்கி வீடே குளமாயிருது. நாற்காலி மிதக்கு, நாய் மிதக்கு. ஒருவழியா நனைஞ்ச கோழி மாதிரி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து முகத்தை முகம் பாக்காங்க. டக்டக்குன்னு கதவைத் தட்டுதான் ஒருத்தன். யாரு? பொண்ணோட தம்பி! குண்டன். கையில பெட்டி. நேரா வந்து ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கிடுதான். அவங்க எந்திரிச்சு அங்கிட்டுப் போனா இவனும் அங்கிட்டு. இங்கிட்டு வந்தா இவனும் இங்கிட்டு. அசடுன்னா அப்பேர்க்கொத்த அசடு அண்ணாச்சி! அவங்க கொஞ்சம் தனியா இருக்கணும்னு நினைக்காங்க, அது அந்த மண்டையில ஏறவே ஏறாது. அவன் மூஞ்சியைத் திரையில பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

கடைசியில அந்த ரெண்டு பேரும் ஒரு தந்திரம் பண்ணி, குண்டன் வெளிய போன நேரம் கதவைச் சாத்தி, அதுல ஒரு பலகையை மாட்டிருதாங்க. அதுல இங்கிலீசில எழுத்து. அத்தான் அதுக்கு, "பெருமக்களே! இவ்வில்லத்திலே தொற்றுநோய்! அண்டற்க!" அப்படிம்பாராம். அண்டற்க! யாருக்கு வெளங்கும்? முன்னால தரையில உக்காந்திருக்கிற தீப்பெட்டி ஆபீசுப் பயலுகளுக்கு வெளங்குமா? நான் வெள்ளைக்காரி குரலை மூக்கால எடுத்தேன்.

"ஐயையோ தம்பி, உள்ள வந்திராதடா! அக்காளுக்கு அம்மை போட்டிருக்குடா! வேப்பிலை கட்டியிருக்கு, கண்ணு தெரியலையா!"

குண்டன் குரல், தொண்டைக்குள்ள களி உருண்ட மாதிரி. "அப்படியாக்கா? அப்ப நான் எங்கக்கா படுக்க?"

"நாய் கூடப் படுடா!"

கொட்டகை பிச்சுக்கிட்டுப் போச்சு. ஒருத்தன் சிரிச்ச சிரிப்புல பந்தக்காலைப் பிடிச்சு ஆட்டிட்டான். அத்தான் மட்டும் சிரிக்கல. திரை ஓரத்துல இருட்டுல நின்னாரு. காமிக் முடிஞ்சதும் வந்து என் ரெண்டு தோளையும் பிடிச்சாரு. கண்ணு பளபளங்கு. "மைத்துனா! நீ இன்று என் கண்ணைத் திறந்துவிட்டாய்!" கலைஞனுக்குக் கலைஞன் மதிப்புன்னு நானும் நெஞ்சு குளுந்து நின்னேன். அந்த மனுசன் இன்னிக்கு எனக்குப் பண்ணின துரோகத்தை நினைச்சா...! கொஞ்சம் இருங்க. பல்லைக் கடிச்சுக்கிடுதேன்.

மறுநா காலையில ஆத்துல குளிச்சிட்டு வாரேன், வீட்டு நிலையில வேப்பிலை தொங்குது. அத்தான் மஞ்சத்தண்ணியில நனைச்ச துண்டோட வாசல்ல நிக்காரு. "மைத்துனா, நில்! உன் தமக்கைக்கு அம்மை வார்த்திருக்கிறது! அண்டற்க!"

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பாருங்க அண்ணாச்சி, நம்ம வாய் முகூர்த்தம்! முந்தின நாள் ராத்திரி விளையாட்டாச் சொன்னேன், ஆத்தா கேட்டுக்கிட்டா. என்னாலதான் அக்காளுக்கு வந்துச்சுன்னு கொட்டகைக்குப் பின்னால போயி அழுதேன். சத்தியமா அழுதேன்.

அப்புறம் என்ன பண்ண? அம்மை கண்டவளை ரயில்ல கூட்டிட்டுப் போக முடியுமா? பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுல போயி நான்தான் நிக்க முடியுமா? ஊருக்குப் போற பருத்தி வண்டிக்காரர்கிட்டச் சொல்லிவிட்டோம். அப்பா, "அந்தப் பய அங்கயே கெடக்கட்டும், இங்க காலை வைக்கப்படாது"ன்னு திருப்பிச் சொல்லிவிட்டாரு. அக்கா வீட்டுக்குள்ளயும் போக முடியாது, ஊருல எங்க வீட்டுக்கும் போக முடியாது. படுக்கை கொட்டகையில, ராவுத்தரோட நாய் பக்கத்துல. சாப்பாட்டை அத்தான் தூக்குச்சட்டியில கொண்டாந்து வச்சிட்டு, "இனி இரவெல்லாம் நீயே விளக்கம் சொல்வாய். நான் அவளுக்கு வேப்பிலை வீச வேண்டும்"னு ஓட்டமா ஓடிருவாரு. பொறுப்பான மனுசன்னு நினைச்சேன்.

ஆடி பூரா நான்தான் அண்ணாச்சி அந்தக் கொட்டகை! அத்தான் அக்காளைப் பாத்துக்கிட்டாரு, நான் சாத்தூரைப் பாத்துக்கிட்டேன்.

அக்கா பட்ட பாட்டைக் கேளுங்க. ஒருநா சாயங்காலம் தெருவுல நின்னு, "யக்கா, எப்படி இருக்க?"ன்னு கூப்பிடுதேன். உள்ள யாரோ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். அடுத்து ஒரு அண்டா உருளுது. அத்தான் கதவை ஒருக்களிச்சுத் தலையை நீட்டுதாரு, தலையெல்லாம் மாவு. "காய்ச்சலில் பிதற்றுகிறாள் மைத்துனா. சிரிப்பது அவள் அல்ல, அம்மன்!" நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். மாவு எதுக்குன்னு கேட்டேன், கூழு காய்ச்சுதேன்னாரு. இன்னொரு நா வெங்காயம் வதங்குற வாசனை தெருமுனை வரைக்கும் வருது. அம்மை வீட்டுல தாளிக்கலாமா அண்ணாச்சி? ஆம்பளைக்கு அதெல்லாம் என்ன தெரியும், ஆத்தா பொறுத்துக்கிடுவான்னு நானே ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். தினமும் அவரு சட்டைப் பையில மல்லியப்பூப் பொட்டலம் இருக்கும். அது அம்மனுக்கு.

பக்கத்து வீட்டு ரெங்கத்தாயம்மா நல்ல மனசு. "எங்க அக்காளுக்கு எப்படி இருக்குன்னு நீங்களாவது எட்டிப் பாத்துச் சொல்லுங்களேன்"னு கேட்டேன். அந்த அம்மா முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்க உள்ள ஓடிருச்சு. நம்ம அக்கா மேல அம்புட்டுப் பாசம்.

பாதி மாசத்துல அம்மை இறங்குற மாதிரி இருந்துச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சுன்னாரு அத்தான். "அப்ப நாளைக்கு நான் அக்காளைக் கூட்டிட்டுக் கெளம்புதேன்"னேன். விடியறதுக்குள்ள மறுபடி முத்துப் போட்டிருச்சு! இப்படியும் ஒரு சோதனை உண்டா?

என்ன அண்ணாச்சி, வெள்ளரிக்காய் புரையேறிருச்சா? தட்டட்டுமா? எதுக்குச் சிரிக்கீங்க? நான் இன்னும் சிரிப்பே சொல்லல. ஒருத்தி அம்மையில கெடந்ததைச் சொல்லுதேன், சிரிக்கீங்களே.

சரி, கொட்டகைக்கு வாங்க. தினமும் நல்ல கூட்டம். மத்தப் படமெல்லாம் மாறும், அந்தக் காமிக்கை மட்டும் ராவுத்தர் மாத்தல. "மாத்தினாக் கொட்டகையைக் கொளுத்திருவானுவப்பா"ம்பாரு. குண்டன் கதவுகிட்ட வந்து நின்ன உடனே, "தம்பி, வேப்பிலை! தம்பி, வேப்பிலை!"ன்னு சனம் மொத்தமும் கத்தும். அதுவும் எப்படி? திரையைப் பாக்காது. திரும்பி என்னையப் பாக்கும்! ஓடுற படத்தை விட்டுட்டு விளக்கம் சொல்ற ஆளைப் பாத்துச் சிரிக்கிற கூட்டம் எந்த ஊர்லயாவது உண்டா? அத்தானுக்கு ஒருநா அப்படி நடந்திருக்குமா? தெருவுல போனா சேவுக்கடைக்காரர் கடையில இருந்தே, "தம்பி, அக்காளுக்கு அம்மை இறங்கிருச்சா?"ன்னு கேப்பாரு. கடையில நிக்கிற எல்லாருக்கும் என்னையக் கண்டா சிரிப்புப் பொத்துக்கிட்டு வரும். ஒரு கலைஞனுக்கு வேற என்ன வேணும்?

பொம்பளைங்க பக்கம் தட்டி மறைப்பு. அந்தத் தட்டி ஓரத்துல முக்காடு போட்டு ஒருத்தி வந்து உக்காருவா. தினமும் இல்ல, அடிக்கடி. காமிக் ஆரம்பிக்கிறப்போ வருவா, முடிஞ்சதும் விளக்கு ஏத்துறதுக்குள்ள போயிருவா. நான் வாயைத் திறந்த உடனே முதல்ல கேக்குறது அவ சிரிப்புத்தான். அது கேட்டாத்தான் எனக்குத் தெம்பு. வராத அன்னிக்கு என்னமோ மாதிரி இருக்கும், குண்டன் குரல் கூடச் சரியா விழாது. அவளுக்காகவே நாயைப் பேச வச்சேன், தண்ணிக் குழாயைப் பேச வச்சேன்.

இப்ப கேளுங்க துரோகத்தை. இன்னிக்குக் காலையில அத்தான் வாராரு, தலை முழுகி, பட்டை போட்டு. வேப்பிலையை எடுத்தாச்சாம். அம்மன் இறங்கிட்டாளாம். ஓடுதேன். அக்கா வாசல்ல நிக்கா. முகத்துல ஒரு வடு இல்ல அண்ணாச்சி! மஞ்சள் பூசின மாதிரி மினுமினுன்னு இருக்கா. அம்மை வந்தவ இளைச்சுல்லா போவா? இவளுக்குக் கன்னம் பூசியிருக்கு. ஆத்தா கருணையே கருணை. என்னையப் பாத்ததும் கண்ணுல தண்ணி. என் தலையைத் தடவி, "நல்லா இருப்படா என் ராசா"ன்னா. சரி, வந்த சோலி முடிஞ்சுதுன்னு, "அப்ப கெளம்பு, ஊருக்குப் போவோம்"னேன். "இன்னிக்கு ஆவணி ஒண்ணுடா, இனி எதுக்கு?"ன்னுட்டு உள்ள போயிட்டா.

அத்தான் என் கையில டிக்கெட்டையும் ஒரு சேவுப் பொட்டலத்தையும் வைக்காரு. "மைத்துனா, இன்றிரவு முதல் விளக்கம் நானே சொல்வேன். நீ ஊர் திரும்பலாம்."

எப்படி இருக்கும் எனக்கு? ஆடி பூரா தொண்டை கிழியக் கத்திக் கொட்டகையை நிமித்தி வச்சவன் நான். வந்து உக்காருறது அவரு! பொறாமை அண்ணாச்சி, வேற ஒண்ணும் இல்ல. "நான் போக மாட்டேன்"னேன். ராவுத்தர்கிட்ட ஓடினேன். "மொதலாளி, யாரு சொன்னா சனம் சிரிக்கு, நீங்களே சொல்லுங்க!" அந்த மனுசனும் சேர்ந்துக்கிட்டாரு. எப்படிச் சொல்லுதாரு பாருங்க, தாடியைத் தடவிக்கிட்டு, "ஆடி முடிஞ்சிருச்சு, காமிக்கும் முடிஞ்சிருச்சு. இனி என்னத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பே? நல்ல பயப்பா நீ. போயிட்டு வா." ஆடிக்கும் காமிக்குக்கும் என்னய்யா சம்பந்தம்? பேத்தல்!

விடமாட்டேன். கடம்பூர்ல இறங்குன உடனே நடந்ததை ஒண்ணு விடாம அப்பாகிட்டச் சொல்லப் போறேன். இப்ப உங்ககிட்டச் சொன்னேன்ல, அப்படியே. வேப்பிலையில இருந்து மாவு வரைக்கும். அப்பா நாளைக்கே வந்து அத்தான் சட்டையைப் பிடிச்சுக் கேக்கணும். அந்த இடம் எனக்கு வேணும் அண்ணாச்சி. பஞ்சுக் கிட்டங்கியில மூட்டை எண்ண நான் பொறக்கல. ஒரு ஊரே என் குரலுக்குச் சிரிச்சிருக்கு. அதுக்கு மேல எனக்கு என்ன இருக்கு?

என்ன, கையைக் காட்டி நிறுத்துதீங்க? கேளுங்க.

முக்காட்டுக்காரியா? அவளை எதுக்கு இப்ப? "குரலைக் கேட்டா ஆளையே தொண்டைக்குள்ள உக்கார வச்சிருவேன்னியே, அவ யாருன்னு சொல்லலையே"ங்கீங்க. நியாயம்தான். ஆனா அவ பேசி நான் கேட்டதில்லையே. அவ சிரிச்ச உடனே கூட்டமும் சிரிக்கும், அதுல அவ குரல் அமுங்கிப்போகும். செஞ்சு காட்டணுமா? அதுக்கென்ன, இப்பவே செஞ்சிருதேன். இதுவரைக்கும் எடுத்துப் பாத்ததில்ல, ஆனா காதுல இருக்கு. முதல்ல சிரிப்பை அடக்குவா. மூக்குல ஒரு உறிஞ்சல். அப்புறம் அடக்க முடியாம, கீச்சுன்னு மேல ஏறி, கடைசியில விக்கல் மாதிரி மூச்சை உள்ள இழுத்து, இந்தா, இப்படி...

இருங்க.

இன்னொரு தடவை செஞ்சு பாக்கேன்.

அண்ணாச்சி, இந்தச் சிரிப்பு என் தொண்டைக்குப் புதுசு இல்ல. நான் எங்க வீட்டு முற்றத்துல நின்னு அப்பா மாதிரி அதட்டுறப்போ அடுப்படிக்குள்ள இருந்து வருமே, அந்தச் சிரிப்பு.

நீங்க சிரிக்காதீங்க. ஒரு நிமிசம் சிரிக்காம இருங்க.

அம்மையில கெடந்தவ கொட்டகைக்கு எப்படி வந்தா? முகத்துல ஒரு வடு இல்ல. மாவு. வெங்காயம். ரெங்கத்தாயம்மா அழல. அது அழுகை இல்ல. ராவுத்தர், சேவுக்கடைக்காரர், தீப்பெட்டி ஆபீசுப் பயலுக, எல்லாருக்கும்...

அண்ணாச்சி, அந்தச் சனம் படத்தைப் பாக்காம என்னையப் பாத்துச் சிரிச்சுதே. அப்ப அது என் குரலுக்கு இல்லையா?